சின்னவனில் மட்டும் தெரிய வேண்டிய வரிகள்

என் தம்பிக்கு வாய் இருப்பது சாப்பிடுவதற்கும் கொட்டாவி விடுவதற்கும்தான் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படியில்லை. கோபம் வந்தால் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, பேசி முடித்த பிறகுதான் எதற்குக் கோபப்பட்டேன் என்று யோசிப்பேன். அம்மா வயிற்றில் இருந்த பேச்சில் எனக்குப் போக மிச்சம்தான் அவனுக்குக் கிடைத்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஒரே கட்டடத்தில் மேல்மாடியில் நாங்கள், கீழ்மாடியில் அவன். ஆபீஸும் ஒன்றுதான். அங்கே நான் அவனுக்கு மேலதிகாரி, அந்தப் பாவத்தையும் அவன்தான் அனுபவிக்கிறான்.

எங்கள் வேலை ஆறு மருத்துவமனைகளுக்குச் சேர்த்து ஒரு மெயின்ஃபிரேம், அதாவது ஒரு ராட்சசக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது. நோயாளி வருகிற நேரம், ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துக் கையிருப்பு எல்லாம் அந்த ஒற்றைப் பெட்டிக்குள்தான் ஓடும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பெரியவன். பெரியவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாலு மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு பெட்டி இருக்கிறது, அது சின்னவன். தினமும் ராத்திரி பெரியவனில் இருப்பதெல்லாம் அப்படியே நகலாகிச் சின்னவனுக்குப் போய்விடும். வாரந்தோறும் புதன்கிழமை அந்த நகலை எழுப்பி, அது ஒழுங்காகக் கண் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி படுக்க வைப்பார்கள். பார்ப்பதற்கு அங்கே ஒரே ஒரு ஆள். ஒரு பெண்.

தம்பியின் பெயர் ஆபீஸில் யாருக்கும் ஞாபகம் இல்லை. விசாரணை என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர்களிடம் கேட்க மாட்டானே தவிர மெஷினிடம் எல்லாவற்றையும் கேட்பான். நீ யார், உன்னை எப்போது எழுப்பினார்கள், தகவல் சேமிக்கும் வட்டுகளில் எந்த வட்டிலிருந்து எழுந்தாய், இப்போது உன் மேல் எத்தனை வேலை ஏறியிருக்கிறது என்று சின்னச் சின்ன நிரலாக, எங்கள் பாஷையில் ஸ்கிரிப்டாக, எழுதி வைத்திருப்பான். அதில் ஒன்று, யார் உள்ளே நுழைந்தாலும் முதலில் ஓடுவது. நுழைந்தவுடன் திரையின் மேலே மெஷினின் பெயர், கடைசியாக எழுப்பிய நேரம், எங்கள் பிரிவின் பெயர், என் போன் நம்பர் எல்லாம் இரண்டு வரியில் வந்து நிற்கும். ஆறு மருத்துவமனைகளிலும் நர்ஸ் முதல் சர்ஜன் வரை காலையில் முதலில் பார்ப்பது அந்த வரிகளைத்தான். யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

படித்தது அந்தப் பெண்தான். படித்துவிட்டுப் போன வருடம் எங்களுக்குப் போன் செய்தாள். அவள் சொன்னது நியாயமான பயம். சின்னவனில் இருப்பது பெரியவனின் நகல், அதனால் அதுவும் தன்னைப் பெரியவன் என்றே சொல்லிக்கொள்கிறது. பெயர் அதே, நிறம் அதே, எழுத்து அதே. இரண்டு பக்கமும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது, அணைத்துவிடு என்கிற கட்டளையைத் தவறிப்போய் நிஜப் பெரியவனில் அடித்துவிட்டால் ஆறு மருத்துவமனையும் படுத்துவிடும். நான் நிற்பது எந்தப் பெட்டியில் என்று திரையே எனக்குச் சொல்லாதா என்று கேட்டாள். நான் போனைத் தம்பியிடம் கொடுத்தேன். அவன் பத்து நிமிடம் "ம்" என்று மட்டும் சொன்னான்.

அதற்குப் பிறகு ஐயா சாப்பாடு மறந்து திரிந்தார். மெஷினிடம் பெயரைக் கேட்பதற்கு ஸ்கிரிப்டில் ஒரு வார்த்தை போதும், கேட்டவுடன் சொல்லிவிடும். ஆனால் நகல் பொய்யைத்தானே சொல்லும். பொய் சொல்ல முடியாதது அந்தப் பெட்டியின் சொந்த எண், தொழிற்சாலையில் பொறித்து அனுப்புவது. அதைக் கேட்டு வாங்க முடியாது, நினைவகத்துக்குள் போய்த்தான் படிக்க வேண்டும். நினைவகத்தில் பதினாறாவது இடத்தில் எப்போதும் ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரிக்குப் போனால் ஒரு பெரிய அட்டவணை. அதில் ஒரு மூலையில் இன்னொரு அட்டவணையின் முகவரி. புது ஊரில் வீடு தேடிப் போகிறவன் தையல்காரரைக் கேட்டு, அவர் கைகாட்டிய மருந்துக் கடையைக் கேட்டு, கடைசியில் கதவைத் தட்டுவது மாதிரி, ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிடித்துக்கொண்டே போய் அந்த எண்ணைக் கொண்டுவந்தான். எண் சின்னவனுடையதாக இருந்தால் மட்டும் திரையில் மஞ்சளில் ஒரு வரி: நீங்கள் இருப்பது சின்னவனில், பயப்படாமல் வேலை செய்யலாம்.

அடுத்த புதன்கிழமை அவள் போன் செய்து அவனைக் கேட்டு வாங்கி நன்றி சொன்னாள். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வாரமும் ஏதாவது சாக்கு. நகல் எத்தனை மணிக்கு முடிந்தது என்று ஒரு வரி வந்தது. எந்த வட்டு நிரம்பப் போகிறது என்று இன்னொரு வரி. எல்லாம் அந்த மஞ்சள் வரிக்குக் கீழே, எண் சின்னவனுடையதாக இருந்தால் மட்டும். அவளும் புதன்தோறும் எதையாவது கேட்பாள். ஒரு வருடமாக இருவரும் வட்டையும் நினைவகத்தையும் தவிர வேறு எதுவும் பேசியதில்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் தலைவலி.

போன மாதம் அவள் வேலையை விடப் போவதாகச் செய்தி வந்தது. கடல் தாண்டி வேறு நாட்டில் வேலை, அந்த வார வெள்ளிக்கிழமையே இங்கே கடைசி நாள். தம்பி அன்றைக்கு ராத்திரி மேல்மாடிக்கு வந்து, என் வீட்டுக்காரர் தூங்கப் போகும்வரை செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு, அவளிடம் அவனுக்காக நான் பேச முடியுமா என்று கேட்டான்.

"என்னத்தப் பேசறது?" என்றேன், தெரிந்துகொண்டே.

"என்னைப் பத்தி."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் உனக்காக டீச்சரிடம் நான் பேசினேன், வேலைக்கு நான் பேசினேன், பல் வலிக்கு டாக்டரிடம் எந்தப் பல் என்றுகூட நான்தான் சொன்னேன், இதையும் நான் கேட்டால் அவள் யாரைக் கட்டிக்கொள்வது என்று சத்தம் போட்டேன். அவன் எழுந்து போய்விட்டான். படியிறங்கும்போது அவன் முதுகைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். இதை அவனே கேட்டாக வேண்டும். கேட்காமல் விட்டால் அவள் போயே போய்விடுவாள், இவன் மிச்சமிருக்கும் ஆயுள் முழுக்க மெஷினை விசாரித்துக்கொண்டு கிடப்பான். எனக்கு அந்தப் பயம்தான்.

அவன் கேட்டான், அவனுக்குத் தெரிந்த வழியில். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த ஸ்கிரிப்டைத் திறந்து, மஞ்சள் வரிக்குக் கீழே நாலு வரி சேர்த்திருக்கிறான். பெரியவனில் அது யார் கண்ணிலும் படாது. ராத்திரி நகலோடு போய்ச் சேர்ந்துவிடும். புதன்கிழமை அவள் கடைசித் தடவையாகச் சின்னவனை எழுப்பும்போது அவள் மட்டும் பார்ப்பாள். எனக்கு இதெல்லாம் தெரியாது. புதன்கிழமை காலையில் அவன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து, நல்ல புத்தி வந்து போனிலாவது பேசப் போகிறான் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

அன்றைக்குக் காலையில் பெரியவன் இருக்கும் அறையின் கூரைக்கு மேலே தண்ணீர்க் குழாய் வெடித்தது. முதலில் ஒரு மூலையில் சொட்டியது, நாங்கள் வாளி தேடி எடுத்து வருவதற்குள் கூரைப் பலகை ஒன்று உப்பி, அப்படியே கீழே விழுந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு தம்பி ஏணியில் ஏறிப் பெரியவன் மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தினான். மேலாளர் வாசலிலேயே நின்று, மின்சாரத்தை நிறுத்துங்கள், எல்லாரையும் சின்னவனுக்கு மாற்றுங்கள் என்றார். வருடத்துக்கொரு ஒத்திகையாக மட்டும் செய்திருந்த காரியம், அன்றைக்கு நிஜமாகச் செய்ய வேண்டி வந்தது. நான் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவள் பதறவில்லை. "நான் எழுப்பிப் பாத்துட்டு, எல்லாம் சரியா இருந்தா கதவைத் திறக்கறேன் மேடம்" என்று மட்டும் சொன்னாள். கதவைத் திறப்பது என்றால் ஆறு மருத்துவமனைகளையும் சின்னவனுக்குள் அனுமதிப்பது. அது அவள் கையில் இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நாங்கள் முழங்கால் அளவு வேலையில், கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றோம். என் போன் அடித்தது. பிரசவ வார்டிலிருந்து ஒரு நர்ஸ்.

"மேடம், சிஸ்டம் வந்துடுச்சு. ஆனா உள்ள போனா யாரோ ஒருத்தர் சேர்ந்து வாழச் சம்மதமான்னு கேக்கறாரு. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க மேடம்."

என்னம்மா உளறுகிறாய் என்றேன். அவள் நிதானமாகத் திரையைப் படித்துக் காட்டினாள். "உங்களோடு சேர்ந்து வாழ ஆசைப்படுகிறேன். உங்களுக்குச் சம்மதமா? இல்லை என்றால் பதில் சொல்ல வேண்டாம், இந்த வரிகளைப் பார்க்காதது போல இருந்துவிடுங்கள். நானும் எழுதாதது போல இருந்துவிடுவேன்." யாருக்கு என்றும் இல்லை, யார் என்றும் இல்லை. மேலே எங்கள் பிரிவின் பெயரும் என் போன் நம்பரும் மட்டும் பளிச்சென்று.

நர்ஸின் போனை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மருந்தகத்திலிருந்து இன்னொன்று வந்தது. அடுத்து ரத்தப் பரிசோதனைக்கூடம். ஒரு மூத்த சர்ஜன் கூப்பிட்டு, பதிலை எழுத்தில் தர வேண்டுமா, வாயால் சொன்னால் போதுமா என்று கேட்டார். நான் தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். தரைப்பலகையைப் பெயர்த்துவிட்டு உள்ளே தண்ணீரை ஒற்றிக்கொண்டிருந்தவன் அப்படியே உறைந்து போயிருந்தான்.

அவனை நான் என்னவெல்லாம் சொன்னேன் என்று இங்கே எழுதினால் அச்சில் வராது. உள்ளே வருகிற ஆள் யார் என்று கேட்க ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வார்த்தை. பிறந்த குழந்தைகூட எழுதும். நினைவகத்தின் சந்துபொந்தெல்லாம் புகுந்து பெட்டியின் எண்ணைக் கொண்டுவரத் தெரிந்தவனுக்கு, நுழைந்தது அவள்தானா என்று கேட்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அவனுக்குச் சின்னவன் என்றாலே அவள்தான். வேறு யாரும் அந்தப் பக்கம் இருக்க முடியும் என்பதே அவன் புத்திக்கு எட்டவில்லை. இப்படி ஒரு தப்பைச் செய்ய உலகத்தில் வேறு எவனாலும் முடியாது என்று கத்தினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அவன் பேசினான்.

"எனக்கு அசிங்கமானது போகட்டும் அக்கா. அவங்களுக்கு ஒரு வழி விட்டுத்தான் எழுதினேன். பிடிக்கலன்னா பாக்காத மாதிரி இருந்துடலாம்னு. இப்போ ஊரே பாத்துடுச்சு, அவங்க எப்படிப் பாக்காத மாதிரி இருப்பாங்க? அந்த வழியையும் நானே அடைச்சுட்டேன்."

அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. எனக்கு அழுகை முட்டியது. அவனைப் பெற்றவள் நானில்லை, ஆனால் அந்த நிமிடம் அப்படித்தான் இருந்தது.

கூட்ட அறைக்கு ஓடினேன். லேப்டாப்பைத் திறந்து சின்னவனுக்குள் நுழைந்தேன். மஞ்சள் வரி, அதற்குக் கீழே அவன் நாலு வரி. முதல் வேலையாக அதை அழித்தேன். அழித்த கையோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ள நினைத்தேன். அவள் இதை எப்போது பார்த்தாள்? எல்லாரோடும் சேர்ந்து பார்த்தாளா, அதற்கும் முன்பா? அதைச் சொல்ல ஆளைத் தேட வேண்டியதில்லை. தம்பியின் ஸ்கிரிப்டுகளே வரிசையாக இருந்தன. ஒன்றை ஓட்டினேன், சின்னவனை எழுப்பிய நேரம் வந்தது. இன்னொன்றை ஓட்டினேன், யார் யார் எப்போது நுழைந்தார்கள் என்று வந்தது. முதலில் அவள். அவளுக்குப் பிறகு முக்கால் மணி நேரம் ஒரு ஈ காக்கை இல்லை. அதற்கப்புறம்தான் ஆறு மருத்துவமனையும் மொத்தமாக.

அதாவது அவள் தனியாக, சாவகாசமாகப் பார்த்திருக்கிறாள். நான் விடவில்லை. அந்த நுழைவு ஸ்கிரிப்டைக் காலையிலிருந்து யார் தொட்டார்கள் என்று கேட்டேன். கதவு திறப்பதற்கு முன்னால் ஒருவர் திருத்துவதற்காகத் திறந்திருக்கிறார். அவள்தான். ஓர் எழுத்தும் மாற்றாமல் மூடியிருக்கிறாள். அதற்கப்புறம் எல்லாரையும் உள்ளே விட்டிருக்கிறாள்.

நாலு வரி. அழிக்க ஒரு நொடி. அவன் அவளுக்காக உருகி உருகி எழுதியதைப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் ஆறு மருத்துவமனையும் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போகிறாளே, இவளுக்காகவா என் தம்பி ஒரு வருடமாகச் சாப்பாடு மறந்தான்? போனை எடுத்துக்கொண்டு மெஷின் அறைக்கு நடந்துகொண்டே அவளைக் கூப்பிட்டேன். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. நீ முதலிலேயே பார்த்தாயா இல்லையா என்று கேட்டேன்.

"பாத்தேன்" என்றாள்.

அழிக்க நேரம் இருந்ததா இல்லையா என்றேன்.

"இருந்துச்சு. அழிக்கத்தான் திறந்தேன்" என்றாள். "சம்மதம் இல்லன்னா பாக்காத மாதிரி இருந்துடுங்கன்னு எழுதியிருந்தாரு. நான் அதை அழிச்சா, பாக்காத மாதிரின்னுதானே ஆகும்? கை வரல. அங்க தண்ணியில நிக்கறவரைக் கூப்பிட்டு இதப் பேசவும் முடியல. மருத்துவமனைக்காரங்க காத்துக்கிட்டிருந்தாங்க, கதவைத் திறந்தாகணும். யார் வேணா பாத்துட்டுப் போகட்டும், நான் மட்டும் பாக்கலன்னு ஆயிடக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

நான் நடையை நிறுத்திவிட்டேன்.

"ரெண்டு வருஷம் அங்க போய் வேலை பாக்கத்தான் போறேன், அது மாறாது" என்றாள். "அவரால காத்திருக்க முடியுமான்னு நீங்கதான் கேட்டுச் சொல்லணும், அண்ணி."

ஒரு வருடமாக என்னை மேடம் என்று கூப்பிட்டவள். என்னைத் திட்டச் சொன்னால் மணிக்கணக்காகத் திட்டுவேன், இதற்கு என்ன சொல்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்து மூக்கு வழியாகவும் வந்தது. மேலாளர் எதிரே வந்தவர், பெரியவன் போய்விட்டானா என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனேன்.

தம்பி இன்னும் தரைப்பலகைகளுக்கு நடுவே மண்டியிட்டுத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். நான் அழுததைப் பார்த்துத் துணியைக் கீழே போட்டான். அவள் சொன்னதைச் சொன்னேன். அழிக்கத் திறந்தது, கை வராதது, இரண்டு வருடம், அண்ணி என்றது எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவன் நம்பவில்லை. எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் நம்புகிறவனா அவன்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. அவங்களா சொன்னாங்களா, நீ மிரட்டிச் சொல்ல வெச்சியா?"

என் கையிலிருந்த போனிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் அதை வைக்கவே மறந்திருந்தேன். தம்பி போனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான், சட்டையும் ஈரம். போனை வாங்கிக் காதில் வைத்தான். வட்டைப் பற்றிக் கேட்பானோ என்று எனக்கு உயிரே இல்லை.

"காத்திருக்கேங்க" என்றான். அப்புறம், "நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றான்.

நிரம்பியிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்தினேன்.